மண்ணைத் தூற்றும் காற்று

(மானாவாரி உழவர்களுக்கான பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)



சென்ற ஆண்டு ஆடி மாதம் தென்மாவட்டச் சிற்றூர் ஒன்றில் இதே போன்ற ஒரு பயிற்சி வகுப்பு நடந்தது. பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் அமர்ந்து மண்வளம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். மேற்கேயிருந்து வீசிய காற்றில் எதிரே இருந்த தரிசு நிலத்துப் புழுதி கிளம்பி வந்து எல்லோர் கண்ணிலும் விழுந்தது. "பாருங்கள், மேல்மண் போகிறது" என்று சொன்னேன். முன்வரிசையில் அமர்ந்திருந்த ஒரு பெரியவர், "போனால் போகட்டும் தம்பி. ஆகாயத்திலேயே நின்றுவிடுமா? எங்கேயாவது விழத்தானே வேண்டும்? நம் மண் கிழக்கே உள்ள ஊருக்கு. மேற்கே உள்ள ஊர் மண் நமக்கு. கணக்கு நேராகிவிடும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன்.

பேருந்தில் திரும்பும்போதுதான் அவர் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை என்பது உறுத்தியது. கேள்வி சிறியதன்று. பறந்த மண் எங்கே போகிறது? எங்கே விழுகிறது? அந்தக் கணக்கு உண்மையிலேயே நேராகிறதா? இந்தக் கேள்விகளுக்கு விடை தேடி அறிவியலார் ஏறக்குறைய 200 ஆண்டுகளாகக் கப்பல்களிலும், தீவுகளிலும், செயற்கைக்கோள்களிலும் புழுதியின் தடத்தைப் பின்தொடர்ந்து வருகிறார்கள். அவர்கள் கண்டவற்றை இன்று உங்களுக்குச் சொல்லி, நம் நிலத்துக்கு அதில் என்ன பாடம் இருக்கிறது என்று பார்க்க விரும்புகிறேன்.

மணல் வேறு, புழுதி வேறு

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். நம் நிலத்தில் ஒரு பிடி மண்ணை எடுத்தால் அதில் மணல், வண்டல், களி ஆகிய மூன்றும் கலந்திருக்கும். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் ஒரு கூறுக்கு மைக்ரான் என்று பெயர். மணல் 20 மைக்ரான் முதல் 2 மில்லிமீட்டர் வரை பருமன் உள்ளது. வண்டல் 2 முதல் 20 மைக்ரான் வரை. களி 2 மைக்ரானுக்கும் குறைவு. நம் தலைமயிரின் கனம் சுமார் 70 மைக்ரான் என்றால், களித்துகள் எவ்வளவு நுண்ணியது என்று எண்ணிப் பாருங்கள்.

பயிருக்குச் சோறு போடுவது இந்த நுண்ணிய பகுதிதான். இட்ட உரத்தைப் பிடித்து வைத்திருப்பதும், ஈரத்தைக் காப்பதும் களியும் மக்கும். மணல் வேருக்கு இடம் கொடுக்கும், காற்றோட்டம் கொடுக்கும். ஆனால் சத்தைப் பிடித்து வைக்கும் வலிமை அதற்கு மிகக் குறைவு.

இனி, காற்று இவற்றை எப்படி எடுக்கிறது என்று பார்ப்போம். வண்டித் தடத்தில் மாவு போல் கிடக்கும் புழுதியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். காற்று வீசினாலும் அது பெரும்பாலும் அப்படியே கிடக்கும். ஒரு மாடு மிதித்துவிட்டுப் போனால் உடனே கிளம்பும். நுண்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால் காற்றால் அவற்றை நேரே தூக்க முடிவதில்லை. யாராவது தட்டி எழுப்ப வேண்டும். திறந்த வெளியில் அந்த வேலையைச் செய்வது மணல். ஏறக்குறைய 100 முதல் 500 மைக்ரான் பருமனுள்ள மணலைக் காற்று தூக்கி எறிகிறது. அது துள்ளி எழுந்து, சற்றுத் தள்ளி வந்து விழுகிறது. விழுந்த வேகத்தில் அங்கே கிடக்கும் புழுதியைத் தட்டிக் கிளப்புகிறது. இன்னும் சில மணல்களையும் துள்ள வைக்கிறது. இப்படி ஒன்று பத்தாகிப் பத்து நூறாகிறது. லிபியப் பாலைவனத்தில் மணலின் போக்கை ஆராய்ந்த பேக்னால்டு என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1941ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் இந்தத் துள்ளலை விரிவாக விளக்கியிருக்கிறார்.

துள்ளும் மணல் பெரும்பாலும் தரையிலிருந்து ஓரடி உயரத்துக்குள்ளேயே துள்ளுகிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் பயன்படும்.

துள்ளிய மணல் வேலியோரத்திலோ பக்கத்து நிலத்திலோ தங்கிவிடுகிறது. புழுதியோ மேலே போய்விடுகிறது. 2 மைக்ரான் அளவுள்ள ஒரு துகள் அசையாத காற்றில் ஒரு மீட்டர் கீழே இறங்குவதற்கே ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். காற்று மேல்நோக்கிச் சுழன்றுகொண்டிருந்தால் அது பல நாள்கள் இறங்காது. அதற்குள் கடல் கடந்துவிடும்.

பாய்மரத்தில் சிக்கிய தூசி

கடல் கடந்து போகிறது என்று எப்படித் தெரிந்தது? 1832ஆம் ஆண்டு ஜனவரி மாதம் பீகிள் என்ற கப்பல் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பால் உள்ள கேப் வர்டித் தீவுகளை அடைந்தது. அதில் பயணம் செய்த இளைஞரான சார்லஸ் டார்வின், கப்பலின் பாய்மர உச்சியில் காற்றின் திசை காட்டும் கருவியின் மெல்லிய துணியில் பழுப்பு நிறத் தூசி படிந்திருப்பதைக் கண்டார். அதை ஒரு சிறு பொட்டலமாகச் சேகரித்தார். பிறகு வேறு கப்பல்களில் விழுந்த தூசியையும் பெற்று, பெர்லினில் இருந்த எஹ்ரன்பர்க் என்ற அறிஞருக்கு அனுப்பினார். நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்த எஹ்ரன்பர்க், அந்தத் தூசியில் நுண்ணுயிர்களின் ஓடுகளும் செடிகளின் திசுக்களுமாக 67 வகை உருவங்கள் இருப்பதாகத் தெரிவித்தார். நிலத்தில் உண்டான புழுதி கடலில் பறக்கிறது என்பதற்கு அவை சாட்சியாயின. 1846ஆம் ஆண்டு டார்வின் இது பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார்.

கப்பலில் சிக்குவது ஒரு நாள் நடந்த கதை. ஆண்டு முழுவதும் எவ்வளவு வருகிறது என்று அறிய வேண்டுமானால் ஒரே இடத்தில் உட்கார்ந்து அளக்க வேண்டும். அந்த வேலையை அமெரிக்க அறிவியலார் ஜோசப் பிராஸ்பெரோ 1965ஆம் ஆண்டு பார்படாஸ் தீவில் தொடங்கினார். பார்படாஸ் அட்லாண்டிக் பெருங்கடலின் மேற்கு ஓரத்தில் உள்ள சிறிய தீவு. அதற்கும் ஆப்பிரிக்காவுக்கும் இடையே வேறு நிலமே இல்லை. கடற்கரை முனையில் கருவியை வைத்து, கடலிலிருந்து வரும் காற்றை வடிகட்டித் துணி வழியே இழுத்தார்கள். துணியில் படிந்த கடல் உப்பை நீரால் கழுவிவிட்டு, துணியை எரித்துச் சாம்பலாக்கி எடை போட்டார்கள். எஞ்சியது செம்பழுப்பு நிற மண். ஐந்து முதல் ஏழு நாள்களுக்கு முன் சஹாராவில் கிளம்பிய மண்.

இந்த அளவீடு பல பத்தாண்டுகளாக நடந்து வருகிறது. அதில் தெரிந்த ஓர் உண்மை உழவர்களுக்கு முக்கியமானது. சஹாராவின் தெற்கு விளிம்பில் சாகேல் என்னும் மானாவாரிப் பகுதி இருக்கிறது. அங்கும் நம்மைப் போல் கம்பும் சோளமும் விதைத்து, ஆடு மாடு வளர்த்து வாழும் மக்கள் இருக்கிறார்கள். 1970ஆம் ஆண்டுகளின் தொடக்கத்திலும், மீண்டும் 1983, 1984 ஆகிய ஆண்டுகளிலும் அங்கே கொடிய பஞ்சம் வந்தது. அந்த ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் இருக்கும் பார்படாஸில் விழுந்த புழுதி பல மடங்கு உயர்ந்தது. ஒரு கண்டத்தின் வறட்சியை மறு கரையில் இருந்த வடிகட்டித் துணி எழுதி வைத்தது.

வானத்திலிருந்து பார்க்கும் கண்

தீவில் ஒரே இடத்தில்தான் அளக்க முடியும். புழுதி மேகம் முழுவதையும் பார்ப்பதற்குச் செயற்கைக்கோள் வேண்டும். அவற்றுள் 2006ஆம் ஆண்டு ஏவப்பட்டு 2023 வரை பணியாற்றிய கலிப்சோ என்ற செயற்கைக்கோள் சிறப்பானது. மற்றவை மேலிருந்து படம் எடுத்தன. படத்தில் புழுதி எந்த உயரத்தில் மிதக்கிறது என்பது எளிதில் தெரியாது. கலிப்சோவோ பூமியை நோக்கி நொடிக்கு 20 முறை லேசர் ஒளியைப் பாய்ச்சியது. ஒளி புழுதியில் பட்டுத் திரும்பி வர எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதிலிருந்து புழுதியின் உயரம் தெரிந்தது. கிணற்றில் கல்லைப் போட்டுச் சத்தம் கேட்கும் நேரத்தை வைத்து ஆழத்தை மதிப்பிடுகிறோம் அல்லவா? அதைப் போன்றது.

2007ஆம் ஆண்டு மே மாதம் சீனாவின் தக்லமகான் பாலைவனத்தில் கிளம்பிய புழுதி, 8 முதல் 10 கிலோமீட்டர் உயரத்துக்கு ஏறி, பசிபிக், அமெரிக்கா, அட்லாண்டிக், ஐரோப்பா என்று பூமியை ஏறக்குறைய 13 நாள்களில் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி வந்ததை இந்தச் செயற்கைக்கோளின் துணையால் பின்தொடர முடிந்தது.

ஆனால் வேளாண்மை கற்ற எனக்கு அதைவிட வியப்பைத் தந்தது அமேசான் காட்டின் கதை. ஆப்பிரிக்காவில் சாட் என்ற நாட்டின் வடபகுதியில் போடெலே என்றொரு பள்ளம் உள்ளது. சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அது மிகப் பெரிய ஏரியின் அடித்தளமாக இருந்தது. ஏரியில் டயாட்டம் எனப்படும் நுண்பாசிகள் வாழ்ந்து மடிந்து, அவற்றின் ஓடுகள் வெண்மையான மாவு போலப் படிந்தன. ஏரி வற்றிய பிறகு அந்த மாவு வெயிலில் கிடக்கிறது. திபெஸ்டி, எனெடி என்ற இரு மலைப்பகுதிகளுக்கு இடையே புகும் காற்று வேகம் பெற்று அந்தப் பள்ளத்தின் மேல் பாய்கிறது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றையும் ஆரல்வாய்மொழிக் காற்றையும் அறிந்தவர்களுக்கு அந்த வேகம் எப்படி வருகிறது என்பதை விளக்க வேண்டியதில்லை. உலகத்திலேயே மிக அதிகமாகப் புழுதி கிளம்பும் இடங்களுள் ஒன்று இந்தப் போடெலே.

2007 முதல் 2013 வரை கலிப்சோ அளந்தவற்றை வைத்து 2015ஆம் ஆண்டு ஓர் ஆய்வு வெளிவந்தது. ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையை விட்டு ஆண்டுதோறும் சராசரியாக 18 கோடியே 20 லட்சம் டன் புழுதி புறப்படுகிறது; அதில் 2 கோடியே 77 லட்சம் டன் அமேசான் ஆற்றுப்படுகையில் விழுகிறது என்று அந்த ஆய்வு மதிப்பிட்டது. அந்தப் புழுதியில் இருக்கும் மணிச்சத்துத் தனிமத்தின் அளவு சுமார் 22,000 டன். அமேசான் காட்டு மண் மணிச்சத்து குறைந்தது. ஆண்டுதோறும் மழை வெள்ளத்தில் அந்தக் காடு இழக்கும் மணிச்சத்தும் ஏறக்குறைய இந்த அளவுதான் என்று ஆய்வாளர்கள் கூறினார்கள். ஆப்பிரிக்கப் புல்வெளித் தீயின் புகையும் காட்டுக்கு மணிச்சத்து கொண்டுபோய்ச் சேர்க்கிறது என்று 2019ஆம் ஆண்டு வேறோர் ஆய்வு காட்டியது.

"ஆகா, காற்று இலவசமாக உரம் போடுகிறதே!" என்று நீங்கள் நினைக்கலாம். எக்டர் கணக்கில் பிரித்துப் பாருங்கள். ஓர் எக்டருக்கு ஓர் ஆண்டில் விழும் புழுதி சுமார் 29 கிலோ. அதில் உள்ள மணிச்சத்துத் தனிமம் சுமார் 23 கிராம். நாம் ஏக்கருக்கு 130 கிராம் சூப்பர் பாஸ்பேட் இட்டால் கிடைப்பது எவ்வளவோ அவ்வளவுதான். காடு தன் இலையைத் தானே உதிர்த்துத் தானே உண்டு வாழ்வதால் அதற்கு இந்தச் சிறு வரவு போதும். மூட்டை மூட்டையாக விளைச்சலை வெளியே அனுப்பும் நம் நிலத்துக்குப் போதுமா? போதாது. கிளம்பும் இடத்தில் கோடிக்கணக்கான டன். விழும் இடத்தில் ஏக்கருக்குச் சில கிலோ. பெரியவர் சொன்ன கணக்கு இங்கேயே இடிக்கத் தொடங்குகிறது.

மண்ணே சொல்லும் சாட்சி

விழுந்த புழுதி எந்த ஊருடையது என்று கண்டுபிடிக்க இன்னொரு வழியும் உண்டு. அது மண்ணையே விசாரிப்பது.

பசிபிக் பெருங்கடலின் நடுவில் ஹவாய்த் தீவுகள் இருக்கின்றன. எரிமலைக் குழம்பு உறைந்து உண்டான தீவுகள் அவை. அந்தக் கரும்பாறையில் வெண்ணிறக் குவார்ட்சு மணி கிடையாது. ஆனால் அத்தீவுகளின் மேல்மண்ணைச் சலித்துப் பார்த்தால் நுண்ணிய குவார்ட்சுத் துகள்கள் இருக்கின்றன. பாறையில் இல்லாதது மண்ணில் எப்படி வந்தது? ஆராய்ந்ததில் அவை ஆசியாவின் பாலைவனங்களிலிருந்து காற்றில் வந்தவை என்று தெரிந்தது. கவாய் என்ற தீவின் மண் ஏறக்குறைய 40 லட்சம் ஆண்டுகள் பழமையானது. அத்தனை காலம் மழை கழுவியதால் பாறை தந்த மணிச்சத்து அநேகமாகத் தீர்ந்துவிட்டது. அங்கே வளரும் காடு ஆசியப் புழுதி தரும் மணிச்சத்தையே பெரிதும் நம்பி வாழ்கிறது என்று 1999ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வு கூறியது. இவ்வாறு விழுந்த புழுதியிலுள்ள தாதுக்களை நுட்பமாக ஆராய்ந்து, அது எந்தப் பாலைவனத்தில் பிறந்தது என்று இன்று பிரித்துச் சொல்கிறார்கள்.

இதுவரை சொன்னவை பெரும்பாலும் மனிதன் உழாத பாலைவனங்களின் கதை. ஆனால் உழுத நிலத்துப் புழுதியையும் ஒரு முறை இப்படித் தடம் பிடித்தார்கள். அதுதான் பெரியவருக்கு நான் சொல்ல வேண்டிய பதில்.

பனியின் மேல் விழுந்த செல்வம்

அமெரிக்காவின் நடுப்பகுதியில் கான்சாஸ், ஓக்லஹோமா, டெக்சாஸ் ஆகிய மாநிலங்களை ஒட்டி மழை குறைந்த பெரும் புல்வெளி இருந்தது. முதல் உலகப் போரின்போது கோதுமை விலை ஏறியது. டிராக்டர் வந்தது. ஆண்டாண்டு காலமாக மண்ணைப் பிடித்து வைத்திருந்த புல்லை உழுது புரட்டிக் கோதுமை விதைத்தார்கள். பிறகு விலை விழுந்தது. விழுந்த விலையை ஈடுகட்ட இன்னும் அதிகமாக உழுதார்கள். 1930ஆம் ஆண்டுகளில் வறட்சி வந்து பயிர் கருகியபோது மண்ணைப் பிடித்து நிறுத்த ஒரு புல்லும் இல்லை. 1934ஆம் ஆண்டு மே மாதம் கிளம்பிய புழுதி நியூயார்க் நகரத்தைப் பகலில் இருளாக்கியது. கரையிலிருந்து நூற்றுக்கணக்கான மைல் தொலைவில் அட்லாண்டிக் கடலில் சென்ற கப்பல்களின் மேலும் விழுந்தது. 1935ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் எழுந்த புயலில் நண்பகலுக்குப் பின் வானம் கறுத்துவிட்டது. அந்த நாளைக் கறுப்பு ஞாயிறு என்று இன்றும் சொல்கிறார்கள்.

1937ஆம் ஆண்டு பிப்ரவரியில் அதே பகுதியில் இன்னொரு புழுதிப் புயல். அந்தப் புழுதி ஏறக்குறைய 500 மைல் பறந்து, அயோவா மாநிலத்தில் உறைபனி மூடியிருந்த தரையில் விழுந்தது. வெள்ளைப் பனியின் மேல் கறுத்த மண். அது விழுந்த தரையின் மண்ணோடு கலப்பதற்கு வழியே இல்லை. மண்ணியலார் அதைப் பனியோடு வழித்து எடுத்துச் சோதித்தார்கள். புயல் கிளம்பிய பகுதியில், டெக்சாஸின் டால்ஹார்ட் என்ற ஊருக்கருகே காற்று விட்டுச் சென்ற மணல்மேட்டு மண்ணையும் எடுத்துச் சோதித்தார்கள். இரண்டையும் ஒப்பிட்டார்கள்.

பறந்து வந்த புழுதியில், பின்தங்கிய மணலில் இருந்ததைப் போல அங்ககப் பொருள் 10 மடங்கு. தழைச்சத்து 9 மடங்கு. மணிச்சத்து 19 மடங்கு.

உழவர் பெருமக்களே, களத்தில் நாம் தூற்றும்போது பதர் பறக்கிறது. மணி காலடியில் குவிகிறது. காற்று நம் வயலைத் தூற்றும்போது மணி பறக்கிறது. பதர் நமக்கு மிஞ்சுகிறது.

இப்போது பெரியவரின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். மேற்கு ஊர் நிலத்திலிருந்து நமக்கு வருவது எது? துள்ளி வரும் மணல். நம் நிலத்திலிருந்து கிழக்கு ஊருக்குப் போவதும் அதே மணல்தான். இருவர் நிலத்திலிருந்தும் கிளம்பிய சத்துள்ள புழுதி பக்கத்தில் தங்காமல் வெகுதொலைவு போய், கடலிலோ காட்டிலோ ஏக்கருக்குச் சில கிலோ வீதம் சிதறிவிடுகிறது. உலகத்தின் கணக்கு நேராகலாம். ஊரின் கணக்கு நேராகாது. எல்லா ஊருக்கும் நட்டம்தான்.

நம் காட்டில் எவ்வளவு போகிறது?

"ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்" என்பது பழமொழி. அம்மி பறக்கிறதோ இல்லையோ, மேல்மண் பறக்கிறது. தென்மாவட்டங்களில் காற்று ஓங்கி வீசும் ஆனி, ஆடி, ஆவணி மாதங்களில்தான் மானாவாரி நிலம் வடகிழக்குப் பருவமழையை எதிர்பார்த்துப் பயிரின்றிக் கிடக்கிறது. காற்று மணலை எப்படி ஆளும் என்பதைக் காணத் தூத்துக்குடி மாவட்டத்துச் செந்நிறத் தேரிகளைப் போய்ப் பார்த்தால் போதும்.

ஒரு மில்லிமீட்டர் கனம் மண் போனால் நம் கண்ணுக்குத் தெரியாது. ஒரு நாணயத்தின் கனம்கூட இல்லை. ஆனால் ஓர் ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் மண் என்பது 4 கன மீட்டர். எடையில் 5 டன்னுக்கு மேல். நாம் ஏக்கருக்கு இடச் சொல்லும் தொழுவுரம் எவ்வளவு? அதுவும் 5 டன். வண்டி வைத்து, கூலி கொடுத்து, வியர்வை சிந்தி 5 டன் எருவைக் கொண்டுவந்து கொட்டுகிறோம். கவனிக்காமல் விட்டால் அதே எடை மண் காற்றோடு போய்விடும். எருவின் மக்கும் அதனோடு சேர்ந்து போய்விடும்.

என்ன செய்யலாம்?

துள்ளும் மணல் ஓரடி உயரத்துக்குள்தான் துள்ளுகிறது என்று முன்பு சொன்னேன். மணலைத் துள்ளவிடாமல் செய்தால் புழுதி தானாகக் கிளம்பாது. எனவே வானளாவிய தடுப்பு ஏதும் வேண்டியதில்லை. தரையோடு தரையாக நாம் செய்யும் சிறு வேலைகளே பெரும்பயன் தரும்.

1. தாளை நிறுத்துங்கள். கம்பு, சோளம் அறுவடை செய்யும்போது ஒரு சாண் தாளை விட்டு அறுங்கள். தாள் வேரோடு நிற்கும் வரை காற்று தரையைத் தொடாது. தாளைக் கொளுத்துவதைக் கைவிடுங்கள்.

2. கோடை உழவை விட வேண்டாம், புழுதியாக்க வேண்டாம். கோடை மழை ஈரத்தில் கலப்பையால் உழுது கட்டி கட்டியாகப் போட்டால், அந்தக் கட்டிகளே காற்றுக்குத் தடை. மழைநீரும் உள்ளே இறங்கும். காய்ந்த நிலத்தில் ரோட்டவேட்டரை ஓட்டி மாவாக்குவதுதான் கேடு. மண்ணைப் பொலபொலப்பாக்கும் உழவை விதைப்பை ஒட்டிப் புரட்டாசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

3. காற்றுக்குக் குறுக்கே உழுங்கள். மேல்காற்று வீசும் ஊரில் கடைசி உழவின் சால் வடக்குத் தெற்காக அமையட்டும். சரிவான நிலத்தில் மட்டும் மழைநீருக்கும் கணக்குப் பார்த்து, சரிவுக்குக் குறுக்கே உழுவதையே முதன்மையாகக் கொள்ளுங்கள்.

4. நிலக்கடலைக்கு இடையே வரிசைப் பயிர் இடுங்கள். கடலையைப் பிடுங்கிய செம்மண் நிலத்தில் ஒரு தாளும் மிஞ்சாது; மண்ணும் கிளறப்பட்டிருக்கும். இடையிடையே கம்பு அல்லது சோளப் பட்டைகள் இருந்தால் அவற்றின் தாள் காவலாக நிற்கும்.

5. கிடை கட்டுவது நல்லது. ஆனால் தரையை மொட்டையாக்கும்வரை மேய விடாதீர்கள். காய்ந்த தரையில் ஆட்டுக் குளம்பு மேல் ஏட்டை உடைத்துவிடும். கோடை மழை ஈரம் இருக்கும்போது கிடை போட்டு, பின் ஓர் உழவு போட்டால் சத்து நிலத்திலேயே தங்கும்.

6. மேற்கு எல்லையில் மரம் வையுங்கள். சவுக்கு, வேம்பு, பனை, அகத்தி போன்றவற்றை இரண்டு மூன்று வரிசையாக நடலாம். மரத்தின் உயரத்தைப் போலப் பத்து மடங்கு தொலைவுவரை காற்றின் வேகம் தணியும். சுவர் போல அடைத்துவிடக் கூடாது; அடைத்தால் காற்று மேலே தாவி அந்தப் பக்கம் சுழன்று விழும். வடிகட்டி போல ஓரளவு காற்றை உள்ளே விடும் வேலியே சிறந்தது.

கடைசியாகச் சொன்னது தனி ஒருவரால் மட்டும் முழுப் பயன் தராது. அமெரிக்காவில் அந்தப் புழுதிப் புயல்களுக்குப் பிறகு 1935ஆம் ஆண்டு மண் பாதுகாப்புச் சட்டம் இயற்றினார்கள். 1942 வரை சுமார் 22 கோடி மரங்களைக் காற்றுத் தடுப்பாக நட்டார்கள். அண்டை நிலத்தவர்கள் ஒன்றுசேர்ந்து செய்தால்தான் பலன் என்பதை மண்ணை இழந்த பிறகே கற்றுக்கொண்டார்கள். நம் நாட்டில் ஜோத்பூரில் உள்ள மத்திய வறண்ட மண்டல ஆராய்ச்சி நிறுவனம் ராஜஸ்தான் மணல்மேடுகளில் புல்லும் மரமும் வளர்த்து மணலை நிறுத்தும் முறைகளை வகுத்துக் கொடுத்திருக்கிறது. பாலைவனத்திலேயே முடிகிறது என்றால் நம் மானாவாரிக் காட்டில் முடியாதா?

ஆப்பிரிக்காவின் மழைக்கும் புழுதிக்கும் உள்ள உறவைச் சொல்லி முடிக்கிறேன். நான் முன்பு சொன்ன 2015ஆம் ஆண்டு ஆய்வில், அட்லாண்டிக்கைக் கடந்த புழுதியின் அளவு ஆண்டுக்கு ஆண்டு பெரிதும் மாறியது. சாகேல் பகுதியில் மழை நன்றாகப் பெய்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டில் புழுதி குறைந்திருந்தது. மழையால் முளைத்த புல் மண்ணை மூடிப் பிடித்துக்கொண்டது என்பது அதற்குச் சொல்லப்படும் ஒரு விளக்கம். காற்றின் வேகத்தை நம்மால் குறைக்க முடியாது. மழையை வரவழைக்கவும் முடியாது. தரையின் மேல் ஒரு போர்வை இருக்க வேண்டுமா, வேண்டாமா என்பது மட்டும் நம் கையில் இருக்கிறது.

அடுத்த ஆடியில் உங்கள் நிலத்தின் கிழக்கு வரப்பில் நின்று பாருங்கள். வரப்போரத்தில் புதிதாக மணல் சேர்ந்திருந்தால், அதைத் தட்டிக் கிளம்பிய புழுதி ஏற்கெனவே கடலைத் தாண்டியிருக்கும் என்று பொருள். மணல் சேரவில்லை என்றால் உங்கள் மண் உங்களிடமே இருக்கிறது.

சென்ற ஆண்டு அந்தப் பெரியவருக்குச் சொல்லாமல் வந்த பதில் இதுதான். அவரை அறிந்தவர்கள் யாரேனும் இங்கே இருந்தால், "கணக்கு நேராகவில்லை ஐயா, தாளை நிறுத்துங்கள்" என்று அந்தத் தம்பி சொன்னதாகச் சொல்லுங்கள்.